வண்டியை உள்ளே திருப்பியவன்

மாமல்லபுரம் பஸ் நிலையத்தில் வாடகைக் கார்களைத் துடைத்துக்கொண்டிருந்தவன் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் தீர்ந்துபோயிற்று. இன்றைக்கு என் பெயரில் முப்பத்தொரு வேன்கள் ஓடுகின்றன. மறைமலைநகரில் சொந்த ஷெட். செங்கல்பட்டில், அடியில் பாறை, கடைக்காலே எடுக்க முடியாது என்று மூன்று மேஸ்திரிகள் கையை விரித்த இடத்தில் மாடியும் கீழுமாக வீடு எழுப்பினேன். கடற்கரைக் கோயிலுக்கு வந்த வெள்ளைக்காரர்களை ஏற்றி இறக்கிக் காதால் கேட்டே இங்கிலீஷ் கற்றுக்கொண்டேன். எழுத வராது, ஆனால் பேச்சில் எவனும் என்னை ஏமாற்ற முடியாது. பெற்ற ஒரே பெண்ணை அமெரிக்காவில் மேல்படிப்புப் படிக்க வைத்தேன். இதில் எதற்கும் எனக்கு யாரும் ஏணி பிடிக்கவில்லை. பிடித்தவர்கள் இருந்தால் வந்து சொல்லட்டும்.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. என் வீட்டு மாடியில் இரண்டு வருடம் குடியிருந்த ஓர் அம்மாவைப் பற்றி எழுதப் போகிறேன். அவர் காலி செய்துபோய் நான்கு வருடம் ஆகிறது. வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கு அவர் பேசிய வீடியோ ஒன்றைப் போன மாதம் என் மச்சான் செல்போனில் காட்டினான். அதில் என் வீட்டுக் கதையைச் சொல்கிறார். என் பெயரைச் சொல்லவில்லை. ஆகையால் நானும் அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அதற்கு இது சரியாகப் போயிற்று.

அவருக்கு இரண்டு கேள்விகள்தான் தெரியும். நீங்கள் எதையாவது சொன்னால், "நெஜமா?" என்பார். சொல்லி முடித்தால், "அவ்ளோதானா?" என்பார். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு மனுஷனைத் தோலுரித்து உப்புத் தடவிவிடுவார். முதல் நாளே எனக்குத் தடவினார்.

மாடி காலியாக இருந்த நேரம். நானே வாசகம் சொல்லி வாசலில் ஒரு போர்டு மாட்டியிருந்தேன்: 'வீடு வாடகைக்கு. கடல் காற்று. எந்நேரமும் தண்ணீர்.' ஒரு காலைப்பொழுதில் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர் அதற்கு எதிரே நின்று, பரீட்சைப் பேப்பர் திருத்துகிற மாதிரி படித்துக்கொண்டிருந்தார்.

"நெஜமா?" என்றார் என்னிடம்.

"இன்னா நெஜமா?"

"கடல் காத்து. இங்கேர்ந்து மாமல்லபுரம் முப்பது கிலோமீட்டர் இருக்கே அண்ணா."

"காத்துக்கு இன்னாம்மா கிலோமீட்டரு? அது பஸ்ஸுலயா வருது?"

"இங்க அடிக்கறது ஏரிக் காத்து. கொளவாய் ஏரி எதிர்லயே தெரியுது. அதையே எழுதலாமே, நல்லாத்தானே இருக்கு."

மாடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். "அவ்ளோதானா?" என்றார்.

"ரெண்டு ரூமு, ஹாலு, கிச்சன். இன்னும் இன்னா வோணும்? நீச்சல் குளம் கட்டித் தரணுமா?"

"அதில்ல. மொட்டை மாடி முழுக்க மாடிவீட்டுக்குத்தான்னு சொல்றீங்க. அது போர்டுல இல்லியே. துணி காயப்போட தனியா எடம் இருக்கான்னுதான் பொம்பளைங்க மொதல்ல பாப்பாங்க. இல்லாதத எழுதிட்டீங்க, இருக்கறத விட்டுட்டீங்க."

வீடு கேட்டு வந்தவர் வீட்டுக்காரனுக்குப் போர்டு எழுதக் கற்றுக்கொடுக்கிறார்! வேறு யாராக இருந்தாலும் வாசலிலிருந்தே அனுப்பியிருப்பேன். இவரை ஏன் அனுப்பவில்லை என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. அவருடைய அப்பா கல்பாக்கத்தில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வுபெற்றவர். வாரத்துக்கு இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டிய உடம்பு. அதனால்தான் செங்கல்பட்டில் வீடு தேடினார்கள்.

"நீங்க இன்னா வேலைம்மா பண்றீங்க?"

"வெளிநாட்ல மேல்படிப்பு படிக்கற நம்ம பசங்களுக்கு வேலை தேடக் கத்துக்குடுக்கறேன்."

"வேலை வாங்கித் தர்றீங்களா?"

"இல்ல. தேடக் கத்துத்தரேன்."

அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் பதினோரு வருடம் அதுவே அவருக்கு உத்தியோகமாம். அப்பாவுக்கு முடியாமல் போனதும் விட்டுவிட்டு வந்து, இங்கிருந்தே கம்ப்யூட்டரில் பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருந்தார். வேலை தேடக் கற்றுக்கொடுப்பதற்கு ஓர் ஆள், அந்த ஆளுக்கு ஒரு சம்பளம்! எனக்கு எரிந்தது. பதினாறு வயதில் எனக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்?

காலை ஆறு மணிக்கு நான் கீழே செடிகளுக்குத் தண்ணீர் விடுவேன். அமெரிக்காவில் அப்போது முந்தின நாள் சாயங்காலம். மாடியிலிருந்து அந்த அம்மாவின் குரல் படிவழியாக இறங்கி வரும். ஒட்டுக்கேட்கவில்லை; என் வீட்டுப் படி, என் காது.

ஒருநாள் ஒரு பெண்ணுக்குத் திட்டு. "அப்பா பேரு, பொறந்த தேதி, மதம், பட்டுப்பொடவையில ஒரு போட்டோ. இது வேலைக்கா கல்யாணத்துக்கா? ஜாதகத்தையும் வச்சு அனுப்பியிருக்கலாமே!" இன்னொரு நாள் ஒரு பையனுக்கு. "எரநூறு எடத்துக்கு ஒரே காகிதம். செவுத்துல நோட்டீஸ் ஒட்டறவன் மாதிரி ஒட்டிகிட்டே போயிருக்க. ஒருத்தராவது நின்னு படிச்சாங்களா? மொதல்ல அங்க வேலை பாக்கற உங்க காலேஜ் சீனியர் ஒருத்தரைப் புடி. வேலை கேக்காத. அங்க தெனமும் என்ன செய்றீங்க, எதுல சிக்கல் வருதுன்னு கேளு. கால்மணி நேரம் போதும். அப்புறம் எழுது." விசாவைப் பற்றிக் கேட்டால் மறைக்காமல் நேராகச் சொல்ல வேண்டும், ஆனால் முதல் வரியிலேயே அதற்காக அழக்கூடாது என்பார். ஒவ்வொரு பேச்சும் ஒரே இடத்தில் வந்து முடியும்: "உள்ளதச் சொல்லு. உள்ளது முழுசும் சொல்லு."

இதெல்லாம் சரி என்று பொறுத்துக்கொண்டேன். ஒருநாள் ஒரு பையன், "எந்த வேலையா இருந்தாலும் செய்வேன் மேடம்," என்றான். கம்ப்யூட்டரில் அவன் குரல் கீழ்வரைக்கும் கேட்டது. நல்ல பையன், பணிவான பையன் என்று நினைத்தேன். அந்த அம்மா சொன்னார்: "எந்த வேலையா இருந்தாலும்னு சொல்றவனுக்கு அங்க எந்த வேலையும் கெடைக்காதுப்பா."

ஹோஸைக் கீழே போட்டுவிட்டு மாடி ஏறினேன்.

"இன்னாம்மா சொல்றீங்க அந்தப் பையன்கிட்ட? எந்த வேலையா இருந்தாலும் செய்றேன்னு சொல்லித்தான் நான் மறைமலைநகர் கம்பெனி கேட்ல நின்னேன். இன்னிக்கு முப்பத்தொரு வண்டி கீது எனக்கு!"

"நெஜமா?"

"வோணும்னா ஷெட்டுக்கு வந்து எண்ணிப் பாருங்க."

"வண்டி நெஜம்தான். அன்னிக்கு கேட்ல நின்னு மொதல்ல சொன்ன வார்த்தை அதானா? யோசிச்சுச் சொல்லுங்க."

யோசித்தேன். கோபமாக இருந்தவன் யோசிக்க ஆரம்பித்தால் தோற்றான் என்று அர்த்தம். அன்றைக்கு செக்யூரிட்டியைத் தாண்டி வெளியே வந்த அதிகாரியிடம் நான் சொன்னது வேறு. "சார், திருக்கழுக்குன்றம் பக்கத்துலேர்ந்து வர்ற உங்க ஆளுங்க டெய்லி ஷிப்டுக்கு லேட்டு. பஸ்ஸு சரியில்ல. எங்கிட்ட ஒரு வேன் கீது. ஆறு மணி ஷிப்டுக்கு அஞ்சே முக்காலுக்குக் கொண்டாந்து வுடறேன். ஒரு வாரம் பாருங்க." மூன்று நாள் அந்த வாசலில் நின்று, யார் யார் ஓடி வருகிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

"அதான்," என்றார் அந்த அம்மா. "நீங்க வேலை கேக்கல. அவங்க கஷ்டம் என்னன்னு சொல்லி, உங்ககிட்ட இருக்கறதச் சொன்னீங்க. இத அந்தப் பையன்கிட்ட சொல்லட்டுமா?"

"தாராளமா சொல்லுங்க."

மறுநாள் சொன்னார். தண்ணீரை நிறுத்திவிட்டுக் கேட்டேன். "எனக்குத் தெரிஞ்ச வேன்காரர் ஒருத்தர்..." என்று ஆரம்பித்தார். வேன்காரர் ஒருத்தர்! அதற்குப் பிறகு அந்தக் கதை அமெரிக்கா, ஜெர்மனி, ஆஸ்திரேலியா என்று எல்லா நாட்டுக்கும் போயிற்று. என் பெயர் மட்டும் செங்கல்பட்டைத் தாண்டவில்லை. சரி, அதை விட்டேன். அது சின்ன விஷயம். பெரிய விஷயம் என் மகள் செல்வியுடையது.

எந்த வேலையை எப்படி எங்கே அமைத்தால் ஆளும் நேரமும் வீணாகாது என்கிற படிப்பு அவளுடையது. படித்து முடித்தாள். முடித்த பிறகு வேலையில்லாமல் அந்த நாட்டில் தொண்ணூறு நாள்தான் இருக்கலாம். அதில் ஐம்பத்திரண்டு போய்விட்டது. போனில் அவள் குரல் நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டே வந்தது. "சாப்ட்டியாம்மா?" என்று என் மனைவி கேட்டால், "ம்" என்பாள்.

என் மச்சான், மனைவியின் தம்பி, ஒரு யோசனையோடு வந்தான்.

"மாமா, ஊரப்பாக்கத்துல நமக்குத் தெரிஞ்ச ஆளு ஒருத்தன் ஆபீஸ் வச்சிகினு கீறான். அமெரிக்காவுல அவனுக்குக் கன்சல்டன்சி கீது. ஏழு வருஷம் எக்ஸ்பீரியன்ஸ்னு எழுதிக் குடுத்துருவான். இண்டர்வியூ வந்தா அவன் ஆளே பதில் பேசுவான். நம்ம பொண்ணு வாயை மட்டும் அசைச்சா போதும்."

"வாயை அசைக்கவா எம்பொண்ணு படிச்சா?" என்றேன். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும்: பாதி மனசு அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. ஐம்பத்திரண்டு நாள் எண்ணியவனுக்குத்தான் அந்தச் சாய்வு தெரியும். ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று மாடிக்குப் போனேன்.

"ஏழு வருஷமா? நெஜமா?" என்றார் அந்த அம்மா. "செல்விக்கு இப்ப வயசு என்ன?"

"இருபத்திநாலு."

"அப்ப பதினேழு வயசுல வேலைக்குச் சேந்துட்டா. காலேஜுக்கு யாரு போனது, நீங்களா?"

எனக்கு முகம் சிவந்தது. அவருக்கு அதைவிட. "எனக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தன் இப்படித்தான் எழுதினான். வேலையும் கெடைச்சுது. நாலு வருஷம் கழிச்சு இங்க வந்து கல்யாணம் பண்ணிகிட்டு திரும்பிப் போனான். ஏர்போர்ட்ல ஒரே ஒரு கேள்வி. நீ மொதல்ல வேலை பாத்ததா எழுதினியே, அந்த ஆபீஸ் எந்தத் தெருவுல இருக்குன்னு. அவனுக்குத் தெரியல. இருந்தாத்தானே தெரியும்? அப்படியே திருப்பி அனுப்பிட்டாங்க. கட்டிகிட்ட பொண்ணு இங்க விசாவுக்குக் காத்துகிட்டு இருந்துச்சு." எதிரே இருந்த கம்ப்யூட்டரை மூடிவைத்தார். "எழுதிக் குடுத்தவனுக்கு ஒண்ணும் ஆகல. அவன் அடுத்த பையனுக்கு எழுதிகிட்டிருக்கான்."

அந்த ஆட்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பயந்துபோன பிள்ளையின் கழுத்தில் கயிற்றைக் கட்டிவிட்டு, அதற்குத் தாலி என்று பெயர் வைக்கிறார்கள்.

மறுநாள் காலை செல்வியைக் கம்ப்யூட்டரில் கூப்பிட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் எழுதி வைத்திருந்த ஒரு பக்கத்தை அந்த அம்மா முழுக்கப் படித்தார்.

"எல்லாம் நெஜம். ஆனா, அவ்ளோதானா?"

"அவ்ளோதான் மேடம். நான் இன்னும் எங்கயும் வேலை பாக்கலியே."

"லீவுல எல்லாம் என்ன பண்ணுவ?"

"அப்பா ஷெட்டுக்குப் போவேன். சும்மா."

"உங்க ஹால்ல மறைமலைநகர் கம்பெனி குடுத்த ஷீல்டு ஒண்ணு இருக்கு. பதினாலு வண்டி ஓடின எடத்துல பதினொண்ண வச்சு, ஒருத்தர்கூட லேட் ஆகாம ஓட்டினதுக்கு. அந்த ரூட் பிளான் போட்டப்ப நீ ஷெட்ல இருந்தியா?"

செல்வி என்னைப் பார்த்தாள். திரையில் பார்த்தாலும் பார்வை பார்வைதான். "அது அப்பா பிளான் மேடம்," என்றாள்.

அந்த அம்மாவும் திரும்பி என்னைப் பார்த்தார். நெஜமா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆமாம் என்று சொல்லியிருப்பேன், சத்தியமாக. அந்தக் கதையை அவரிடமே பத்துத் தடவை சொல்லியிருக்கிறேன். கேட்கவில்லை. அதுதான் என்னை என்னவோ செய்தது.

கீழே இறங்கி வந்து பீரோவைத் திறந்தேன். பட்டா, பத்திரங்களுக்கு அடியில் ஒன்பது காலண்டர் தாள்கள். செல்வி காலேஜில் மூன்றாம் வருடம் படிக்கும்போது லீவில் வந்து, மூன்று வாரம் டிரைவர்களோடு விடியற்காலையில் வண்டியில் போய், யார் எங்கே ஏறுகிறார்கள், எத்தனை நிமிஷம் நிற்கிறார்கள் என்று எழுதி, தாள்களின் பின்பக்கத்தில் நாலு கலர் பேனாவில் போட்ட படங்கள். கம்பெனியில் காட்டப் போனது நான். மேடையில் ஏறி ஷீல்டு வாங்கியதும் நான். "யாரு சார் இந்த மூளை?" என்று அதிகாரி கேட்டபோது, "நம்மள்துதான்," என்றேன். நம்முடையது என்று சொன்னதை என்னுடையது என்று அவர் எடுத்துக்கொண்டார். நானும் திருத்தவில்லை. வருடங்கள் போகப்போக எனக்கே அது என்னுடையதாகிவிட்டது. பிள்ளை செய்ததை அப்பன் பெயரில் சொல்வது எங்கள் பக்கத்தில் தப்பே இல்லை. பிள்ளையும் வாயைத் திறக்காது. திறந்தால் அப்பனுக்கு அவமானம் என்று நினைக்கும். அந்தக் கரிசனத்தோடுதான் அவள் அங்கே ஐம்பத்திரண்டு நாள் உட்கார்ந்திருந்தாள்.

என் மனைவி பீரோ பக்கம் வந்து எட்டிப் பார்த்தாள். "அப்பாடா, எடுத்தியா? நானும் இத்தினி வருஷமா பாக்கறேன். ஆயுத பூஜைக்கு அந்த ஷீல்டுக்குப் பொட்டு வைக்கறது நீ, படம் போட்டது எம்பொண்ணு."

தாள்களை மாடிக்குக் கொண்டுபோய் கம்ப்யூட்டர் முன்னால் வைத்தேன். "இது எம்பொண்ணு போட்டது," என்றேன். நான்கே வார்த்தைகள்கூட இல்லை. அறுபது வயதில் அதைவிடக் கனமான எதையும் நான் தூக்கியதில்லை. செல்வி அங்கே அழுதாள். எதற்கு அழ வேண்டும் என்று அதட்டினேன்.

"அவ்ளோதானா?" என்றார் அந்த அம்மா.

அங்கேதான் நான் நிமிர்ந்தேன். "அவ்ளோ இல்லம்மா. ஒண்ணு கீது. அது என்னுது."

அதைச் சொல்கிறேன், கேளுங்கள். செல்வியின் பிளானில் சிங்கப்பெருமாள்கோயில் தாண்டி ஒரு கிராமத்துக்குள் வண்டி போகவில்லை. ஊருக்குள் போய்த் திரும்பினால் நாலு நிமிஷம். அதை மிச்சப்படுத்த ஜி.எஸ்.டி. சாலையிலேயே, ஊருக்கு எதிர்ப்பக்கம் நிறுத்தம் வைத்திருந்தாள். முதல் வாரமே மல்லிகா என்கிற பெண், கம்பெனியில் பேக்கிங் வேலை பார்ப்பவள், ஷெட்டுக்கு வந்து என் முகத்துக்கு நேராகக் கத்தினாள். "இன்னா மொதலாளி பிளானு இது? அஞ்சு மணி இருட்டுல ஒம்போது பொம்பளைங்க லாரிக்கு நடுவுல உசுர கையில புடிச்சிகினு ரோட்டைத் தாண்டறோம். உன் வூட்டுப் பொம்பளைய நிக்க வப்பியா அங்க?"

மறுநாள் விடியற்காலையில் என் வீட்டுப் பெண்ணையே அங்கே கூட்டிப்போய் நிற்க வைத்தேன். "தாண்டு," என்றேன். செல்வி காலை எடுத்து வைத்தாள். ஒரு கன்டெய்னர் லாரி போன வேகத்தில் அப்படியே பின்னால் வந்து என் கையைப் பிடித்தாள். அன்றே வண்டியை ஊருக்குள் திருப்பினேன். "நாலு நிமிஷம் போவுதேப்பா," என்று அவள் சொல்லவில்லை. அதற்குப் பிறகு, இருந்த எல்லா நிறுத்தங்களிலும் அவளே போய் இறங்கி, நடந்து பார்த்துவிட்டுத்தான் படத்தை முடித்தாள்.

அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அன்று சாயங்காலம் என் கம்பெனி லெட்டர்ஹெட்டில் செல்விக்கு ஒரு கடிதம் தயாரானது. நான் தமிழில் சொல்ல, அவர் இங்கிலீஷில் எழுதி, திரும்பத் தமிழில் படித்துக் காட்டினார். வண்டி எத்தனை, ஆள் எத்தனை, மூன்று வாரம், ஒன்பது தாள், எல்லாம் இருந்தது. நான் திருப்பிய திருப்பம் இல்லை.

"அதைப் போடலியே?"

"அண்ணா, இந்தக் கடுதாசி செல்விக்காக. அதுல அவ செஞ்ச தப்ப எதுக்கு எழுதணும்?"

"உள்ளது முழுசும்னு தெனமும் காலைல யாரு கத்தறது? நானா?"

கடிதத்தை இன்னொரு தடவை படித்துப் பார்த்தார். ஆனாலும் போடவில்லை. கையெழுத்துப் போட்டேன். பேனா தாளைக் கிழிக்காததுதான் பாக்கி.

செல்வி இப்போது புதிதாக எழுதினாள். அந்த அம்மா சொன்னபடி தன் பல்கலைக்கழகத்தில் முன்பு படித்த ஒருத்தியைப் பிடித்து, கால்மணி நேரம் பேசி, அவள் வேலை பார்க்கும் கம்பெனியின் கிடங்குகளில் சாமான் ஏற்றும் வண்டிகள் மணிக்கணக்கில் நிற்கின்றன என்று தெரிந்துகொண்டு எழுதினாள். இரண்டு முறை பேட்டி. பிறகு அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவரோடு பேச வேண்டும் என்றார்கள்.

"நீங்க பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுங்கம்மா," என்றேன்.

"மாட்டேன். நான் சொல்லிக்குடுத்தா ஊரப்பாக்கத்து ஆளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? நெஜத்தச் சொல்லுங்க. கேட்டதுக்கு மேல பெருமை பேசாதீங்க." சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

போன் வந்தது. கடற்கரைக் கோயில் வாசலில் கற்ற இங்கிலீஷை எடுத்து விட்டேன். "வேன் மைன். பிளான் மை டாட்டர்," என்றேன். அந்த மனிதர் மரியாதையானவர். நிதானமாகக் கேட்டார், நானும் நிதானமாகச் சொன்னேன். கடைசியில், அவள் ஏதாவது தப்பு செய்தாளா என்று கேட்டார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். எந்த அப்பனும் அதைத்தான் சொல்வான். "எஸ் சார். ஒன் பிக் மிஸ்டேக்," என்றேன். சாலை, இருட்டு, லாரி, மல்லிகா, நான் வண்டியைத் திருப்பியது, பிறகு அவள் எல்லா நிறுத்தங்களிலும் நடந்து பார்த்தது, ஒன்று விடாமல் சொன்னேன்.

மாடிக்குப் போய் இதைச் சொன்னதும் அந்த அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "தப்பையா சொன்னீங்க? அண்ணா, நெஜமா?" அவர் பயந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். இரண்டு நாள் அவரும் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவருடைய அப்பா சொன்னார். நானும்தான் சாப்பிடவில்லை, அதை யாரும் யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் செல்வியைக் கடைசிப் பேட்டிக்குக் கூப்பிட்டு, உன் அப்பா ஒரு நிறுத்தத்தைப் பற்றிச் சொன்னாரே, அதை நீ சொல் என்றார்களாம். அவளும் அதையே சொன்னாள். லாரிக்குப் பயந்து என் கையைப் பிடித்ததுவரை சொன்னாள். தொண்ணூறில் பதினோரு நாள் மிச்சம் இருக்கும்போது வேலை கிடைத்தது. படத்தை எல்லோரும் போடுவார்கள், நின்று பார்த்துத் திருத்துகிறவள்தான் எங்களுக்கு வேண்டும் என்று அந்த மனிதரே பிறகு அவளிடம் சொன்னாராம்.

அன்றைக்கு அந்த அம்மா மாடியிலிருந்து இறங்கி வந்தார். என் மனைவி கொடுத்த கேசரியைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணா, அந்த வரிய நான் வெட்டினது தப்பு," என்றார்.

"அவ்ளோதானா?" என்றேன்.

சிரித்தார். கண் கலங்கச் சிரித்தார். அதற்கு அடுத்த வருடம் அவருடைய அப்பா தவறிவிட்டார். காரியமெல்லாம் முடிந்து வீட்டைக் காலி செய்த அன்று, சாவியைக் கொடுத்துவிட்டு வாசல் போர்டைப் பார்த்தார். 'ஏரிக் காற்று. துணி காயவைக்கத் தனி மாடி.' பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் வண்டி ஏறினார். என் வண்டிதான். நானே ஓட்டிப்போய் விட்டுவிட்டு வந்தேன்.

இப்போது இந்த வீடியோ. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்றான் மச்சான். அதில் சொல்கிறார்: "என் ஸ்டூடண்ட் ஒருத்தி. அவங்க குடும்பத்துல வேன் ஓட்டறாங்க. அவ போட்ட பிளான்ல ஒரு தப்பு இருந்துது. அதக் கண்டுபிடிச்சுத் திருத்தினா. அந்தத் தப்பச் சொல்லித்தான் வேலையே வாங்கினா. நீங்களும் தப்ப மறைக்காதீங்க."

கண்டுபிடித்தாளாம்! யார் கண்டுபிடித்தது? தப்பைச் சொல்லாதே என்று கடிதத்தில் வெட்டியது யார்? வெட்டியதைப் போனில் சொன்னது யார்? உள்ளது முழுசும் சொல் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறவர், தன் கதையில் மட்டும் பாதியைத் துணியோடு மாடியில் காயப்போட்டுவிட்டுப் போய்விட்டாரே!

அம்மா, இது உங்கள் கைக்கு வந்து சேரும். வாரம் இரண்டு தடவை உங்கள் அப்பாவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போக வண்டி அனுப்பினேனே, அதைச் சொல்லுங்கள் என்று நான் கேட்கவில்லை. கம்பெனி கேட்டில் நின்ற வேன்காரனையும் உங்களுக்கே விட்டுவிட்டேன். பிளான் செல்வியுடையது, அதை நானே என் வாயால் சொல்லி, ஷீல்டின் மேல் அவள் பெயரை எழுதி ஒட்டியும் விட்டேன். கத்தியது மல்லிகா, அவள் பெயரையும் சொல்லுங்கள், இன்னும் அதே வண்டியில்தான் வேலைக்குப் போகிறாள். ஆனால் வண்டியை ஊருக்குள் திருப்பியவன் நான். அதைப் போனில் அந்த வெள்ளைக்காரரிடம் சொன்னவனும் நான். அந்த வீடியோவைத் திரும்பப் போடுங்கள், என் பெயரோடு போடுங்கள். அன்றைக்கு நானும் இதில் உங்கள் பெயரை எழுதுகிறேன்.

இன்று காலையும் ஐந்து மணிக்கு அந்த வண்டி உள்ளே திரும்பித்தான் போயிற்று. போன மாதம் அந்த வீடியோ முடிந்ததும் மச்சான் போனை எடுத்துக்கொள்ளப் பார்த்தான். நான் கொடுக்கவில்லை. திரையில் நின்றுபோயிருந்த உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்டேன்:

"அவ்ளோதானா?"